நொண்டும் மாட்டுக்கு அடுத்து எந்த ஊசி?

ஜூன் 3, காலை 6.40 | கட்டுத்தறி

பின்னங்கால் தாங்கித் தாங்கி நடக்குது. கன்று போட்டு மூணு மாசம். அஞ்சு நாள் பெனிசிலின் போட்டாச்சு, குளம்பு இடுக்குல மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) கரைச்சு ஊத்தியாச்சு. வீக்கம் இல்லை, நாத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. தாங்கல் மட்டும் குறையல. அடுத்து எந்த ஊசி?

ஜூன் 3, இரவு 9.15 | குளம்புக்கத்தி

எந்த ஊசியும் வேண்டாம். காலைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள்.

வீக்கம், நாற்றம், காய்ச்சல் மூன்றும் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பெனிசிலினுக்குக் கட்டுப்படும் குளம்பிடுக்கு அழுகலுக்கு அந்த மூன்றும்தான் அடையாளம். இல்லாத நோய்க்கு ஐந்து நாள் மருந்து போயிருக்கிறது. பால் வீணானதுதான் மிச்சம்.

கறவை மாட்டு நொண்டலில் பத்துக்கு ஒன்பது குளம்புக்குள்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு பின்னங்காலில், வெளிப்பக்கக் குளம்பில். ஊசியைக் கழுத்துப் பக்கம் நின்று போட்டுவிடலாம், பின்னங்கால் உதைக்கும். அதனால்தான் எல்லா இடத்திலும் ஊசி முதலில் வருகிறது, கால் கடைசியில் வருகிறது.

தூக்கும் முறை: மாட்டை வழுக்காத தரையில், மரச்சட்டத்துக்குள் நிறுத்தித் தலையைக் கட்டுங்கள். வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டை கொடுங்கள், படுக்கப் பார்த்தால் அது தாங்கும். பின்முழங்காலுக்குச் சற்று மேலே கயிற்றைச் சுற்றி, மேல் கட்டையில் போட்டு இழுத்தால் கால் எழும்பும், உதையும் குறையும். பிறகு பாதத்தைப் பின்தூணில் கட்டுங்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், மாடு விழுந்தால் முடிச்சோடு போராட நேரம் இருக்காது. நிறைசினை மாட்டைக் கீழே தள்ளிக் கட்டுவது கூடாது. கடைசி ஒரு மாதம் அவசரம் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

பிறகு தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சாணி ஒட்டிய குளம்பில் எதுவும் தெரியாது. அடிப்பாதத்தில் மேலாக ஒரு சீவல் மட்டும் எடுத்து நிறத்தைப் பாருங்கள். குளம்பு இடுக்கி என்ற கருவி இருந்தால் இரண்டு குளம்பையும் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கிறதோ அதுதான் இடம்.

ஜூன் 3, இரவு 9.40 | குளம்புக்கத்தி

விட்டுப்போனது. கட்டுவதற்கு முன் சமதரையில் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். முன்னங்கால் நொண்டல் என்றால் நோகும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். பின்னங்காலுக்குத் தலையை நம்ப முடியாது, முதுகைப் பார்க்க வேண்டும்.

ஐந்து படி உண்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேராக இருந்து, நடக்கும்போது மட்டும் வளைந்தால் 2. இரண்டிலும் வளைந்து, காலடி குறுகினால் 3. எந்தக் கால் என்று யாருக்கும் தெரிகிற மாதிரி தாங்கினால் 4. ஊன்றவே மறுத்தால் 5. நாம் "நொண்டுது" என்று சொல்வது 4-ல்தான். காலைத் தூக்க வேண்டியது 3-ல். 2-ஐக் குறித்துவைத்து அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 5, மாலை 5.20 | கட்டுத்தறி

தூக்கிப் பார்த்தோம். வெளிப்பக்கக் குளம்பு. அடிப்பாதமும் குதியும் சேருற இடத்துல, இடுக்கை ஒட்டின பக்கமா, ஒரு செங்கருப்புப் புள்ளி. விரல் வச்சா அமுங்குது, மாடு துடிக்குது. ஆணி குத்தினதா? ஆணி ஒண்ணும் இல்லையே.

ஜூன் 5, இரவு 10.05 | குளம்புக்கத்தி

ஆணி உள்ளேயிருந்து குத்தியிருக்கிறது.

நீங்கள் சொன்ன இடம் அடிப்பாதப் புண்ணின் இடம், எப்போதும் அங்கேதான் வரும். குளம்புக்குள் இருக்கும் எலும்பின் பின்புறத்தில், தசைநாண் வந்து ஒட்டும் ஒரு முடிச்சு உண்டு. அதற்கும் அடிப்பாதத்துக்கும் நடுவே கொழுப்பு மெத்தை இருக்கிறது. கன்று ஈனும் சமயத்தில் இடுப்பு இளகுவதுபோல, எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் நார்களும் இளகும், எலும்பு சற்றுக் கீழே இறங்கும். ஈன்ற பிறகு உடம்பு கரைந்து பாலாகப் போகும்போது மெத்தையும் மெலியும். அந்த எலும்பு முடிச்சு, குளம்பை உற்பத்தி செய்யும் உயிர்த்தோலை நசுக்கும். ரத்தம் கசியும், அந்த இடத்தில் குளம்பு உருவாவது நின்றுபோகும்.

குளம்பு மாதத்துக்கு சுமார் 5 மி.மீ. வளரும். அடிப்பாதத்தின் கனம் ஒரு செ.மீ. சொச்சம். உள்ளே பட்ட அடி வெளியே தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். உங்கள் மாடு கன்று போட்டு மூன்று மாதம். கணக்கு சரியாக வருகிறதா? போன வாரம் எதை மிதித்தது என்று தேடிப் பயனில்லை.

இனி வைத்தியம். இதில் மூன்று வேலை, மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

ஒன்று, சீவுதல். முதலில் உள்குளம்பு. பின்னங்காலில் அதுதான் அளவுகோல். நீளம் அதிகமாக இருந்தால் நுனியைக் குறைத்து, அடியைச் சமமாக்குங்கள். அதன் குதியைத் தொடாதீர்கள். பிறகு வெளிக்குளம்பை அதே மட்டத்துக்கு இறக்குங்கள். கத்தியைத் தட்டையாக வைத்து இரண்டின்மேலும் பாலம்போலப் போட்டால் ஆடக் கூடாது. அடுத்து, வெளிக்குளம்பில் புண் இருக்கும் உள்ளோரத்தைக் கிண்ணம்போலச் சற்றுக் குழித்துவிடுங்கள், புண்ணின் மேல் பாரம் விழாது. புண்ணைச் சுற்றித் தளர்ந்து தூக்கி நிற்கும் குளம்பு ஓட்டினை நீக்கி, விளிம்பை மெல்லியதாக்குங்கள். உயிர்த்தோலைக் கிழிக்கக் கூடாது.

இரண்டு, கட்டை. நோகாத உள்குளம்பில் சுமார் 2.5 செ.மீ. உயரக் கட்டை ஒட்டினால் நோகும் குளம்பு அந்தரத்தில் நிற்கும். உங்களுக்கு மிக முக்கியமான வைத்தியம் இதுதான். ஒட்டும் முன் அந்தக் குளம்பையும் இடுக்கியால் அழுத்திப் பார்க்க வேண்டும். அதிலும் நோவு இருந்தால் கட்டை கூடாது. அடியை அரத்தால் ராவி வெள்ளை மாவு பறக்கும் அளவுக்குக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் இரண்டே நாளில் கழன்றுவிடும். கட்டை முன்னால் நுனியோடு நிற்க வேண்டும், பின்னால் குதிவரை தாங்க வேண்டும். குட்டையாக ஒட்டினால் மாடு பின்பக்கம் சாயும். பசை இடுக்குத் தோலிலும் குதியின் மென்மையான பாகத்திலும் பிதுங்கி இறுகினால் அதுவே புதுப் புண்ணாகும், இறுகும் முன் விரலால் வழித்துவிடுங்கள். பசை இறுகும்வரை கால் தரையில் படக் கூடாது.

மூன்று, வலிநிவாரணி. கீட்டோபுரோஃபென் கிலோவுக்கு 3 மி.கி., மூன்று நாள். கட்டையோடு மருந்தும் போனவை, கட்டை மட்டும் போட்டவற்றைவிட நன்றாகக் குணமாகின்றன.

செய்யக் கூடாதவை: ஆன்டிபயாடிக் தேவையில்லை. இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம், சாணி ஊறி அழுத்தும். மயில்துத்தத்தை மறந்துவிடுங்கள். திறந்த உயிர்த்தோலில் அது தீயைப்போலப் பட்டுக் கருக்கும். சிவப்புச் சதை பிதுங்கியிருந்தாலும் சுட வேண்டாம், அழுத்தம் நீங்கினால் தானே சுருங்கும்.

ஜூன் 6, காலை 5.50 | குளம்புக்கத்தி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், கொஞ்சம் பெரிய திருத்தம்.

கீட்டோபுரோஃபென் என்று எழுதினேன். மாட்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அந்த மருந்து போட்ட மாடு செத்து, சடலத்தைப் பிணந்தின்னிக் கழுகு தின்றால் அதற்குச் சிறுநீரகம் செத்துவிடும். டைக்ளோஃபெனாக் செய்த அதே வேலை. இந்தியாவில் டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்கு 2006-ல் தடை செய்தார்கள், 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடையாயின. ஆகவே மெலோக்சிகாம். கழுகுக்கு ஆபத்தில்லை, மாட்டுக்கும் குறைவில்லை.

கிலோவுக்கு 0.5 மி.கி. 400 கிலோ மாட்டுக்கு 200 மி.கி. பாட்டிலில் மி.லி.க்கு 5 மி.கி. என்று இருந்தால் 40 மி.லி., 20 மி.கி. என்று இருந்தால் 10 மி.லி. இரண்டு அடர்விலும் பாட்டில் வருகிறது. லேபிளைப் படிக்காமல் "போன தடவை போட்ட அளவு" என்று போட்டால் நான்கில் ஒரு பங்கு போகும், அல்லது நான்கு மடங்கு போகும். பால் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதும் அதே லேபிளில்தான் இருக்கும்.

ஜூன் 6, பகல் 1.10 | பால்வண்டி

குளம்பு முன்பக்க நீளம் 7.5 செ.மீ. வச்சு வெட்டணும்னு படிச்சிருக்கேன். நீங்க அளவே சொல்லல. கண் அளவா?

ஜூன் 6, இரவு 8.30 | குளம்புக்கத்தி

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. 7.5 என்பது டச்சு முறையிலிருந்து வந்த எண். அந்தக் கால அளவு மாடுகளுக்கு, அதுவும் நுனியில் கொஞ்சம் கனம் விட்டு வெட்டும்போது பொருந்தியது. இன்றைய பெரிய ஹோல்ஸ்டீன் பசுவின் குளம்பைக் கூர்நுனிவரை அளந்து 7.5-ல் வெட்டினால் உயிர்த்தோலில் போய் நிற்பீர்கள். வளர்ந்த பெரிய பசுவுக்கு 8.5 முதல் 9 வரை விடுவதே இப்போதைய வழக்கம். சிறு உடல் இனங்களுக்கு 7.5 சரியாக இருக்கலாம், கிடேரிக்கு இன்னும் குறையலாம். அளக்க வேண்டியது முன்சுவரில், மயிர் முடிந்து கெட்டிக் குளம்பு தொடங்கும் இடத்திலிருந்து.

எண்ணைவிட நம்பகமானது கட்டைவிரல். நுனிப்பக்க அடிப்பாதத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். அமுங்கினால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டது, கத்தியைக் கீழே வையுங்கள். 5 மி.மீ. கனமாவது மிஞ்ச வேண்டும், 7 இருந்தால் இன்னும் நல்லது. கிரைண்டர் வைத்து வேலை செய்கிறவர்களிடம் இந்தத் தவறு அதிகம். கத்தி ஒரு சீவலில் எடுப்பதை அது ஒரு நொடியில் எடுத்துவிடும், பார்க்கக் குளம்பு பளபளவென்று அழகாக இருக்கும். அந்த அழகுக்கு மாடு பத்து நாள் முள்மேல் நடப்பதுபோல நடக்கும்.

ஜூன் 7, காலை 7.00 | பால்வண்டி

எங்க மாட்டுக்குப் புள்ளி இல்லை. சுவரும் அடியும் சேருற கோட்டுல ஒரு கருப்புக் கீறல். நாலு நாளா ஊன்றவே மாட்டேங்குது. இதுக்கும் கட்டையா?

ஜூன் 7, இரவு 9.00 | குளம்புக்கத்தி

வெள்ளைக்கோட்டில் பிளவு, உள்ளே சீழ். சின்னக் கல் அந்த இணைப்பில் புகுந்திருக்கும், அல்லது சிமெண்டுத் தரையில் திடுமெனத் திரும்பியதில் பிளந்திருக்கும். கருப்புக் கோட்டைக் கத்தி நுனியால் பின்தொடருங்கள். சில கீறல்கள் மேலோடு முடிந்துவிடும், அங்கே நிறுத்திவிடலாம். நோவு இருக்கும் கீறல் உள்ளே போகும். சீழ் பீறிடும் கணத்தில் மாடு காலைத் தளர்த்துவது கையில் தெரியும். வெளியேறும் வழி விரல் நுழையும் அளவுக்காவது இருக்க வேண்டும், ஊசித் துளை போட்டால் நாளைக்கே அடைத்துக்கொள்ளும். உட்புறம் தளர்ந்து தொங்கும் சுவரையும் அடி ஓட்டினையும் நீக்குங்கள். ஆமாம், மற்றக் குளம்பில் கட்டை. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குதியில் அல்லது மயிர்க்கோட்டில் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் சீழ் மூட்டுவரை போயிருக்கலாம். அது கத்தி வைத்திருக்கிறவரின் வேலை இல்லை, மருத்துவர் அந்தக் குளம்பையே எடுக்க வேண்டி வரலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் குளம்பிடுக்கு அழுகல். வீக்கத்தின் வடிவம் பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஜூன் 8, காலை 6.15 | குளம்புக்கத்தி

பெனிசிலினைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். திட்டவில்லை. குளம்பிடுக்கு அழுகல் நேற்று இல்லாமல் இன்று வரும். இரண்டு குளம்புக்கும் நடுவே தோல் வெடித்து, அழுகிய நாற்றம் அடித்து, மயிர்க்கோட்டுக்கு மேலே சுற்றிலும் வீங்கி, மாடு தீனியைக் குறைக்கும். முதல் நாளே பெனிசிலினோ ஆக்சிடெட்ராசைக்ளினோ மூன்று நாள் போட்டால் அற்புதமாகக் கேட்கும். இடுக்கில் கல், முள் இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிய பிறகு போட வேண்டும். நாலு நாளில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தை மாற்றாதீர்கள், நோயைச் சரியாகக் கண்டீர்களா என்று மறுபடி காலைத் தூக்குங்கள். கட்டுத்தறி கேட்ட கேள்விக்கே திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 11, மாலை 6.45 | பட்டிக்காவல்

பண்ணையில 60 மாடு. குதிக்கு மேல, பின்பக்கம், ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி சிவப்பா ஒரு வட்டம். தொட்டாலே துள்ளுது. ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சு இப்ப பன்னெண்டு.

ஜூன் 11, இரவு 10.30 | குளம்புக்கத்தி

டிஜிட்டல் டெர்மடைட்டிஸ். 1974-ல் இத்தாலியில் முதலில் விவரித்தார்கள். ட்ரெபொனீமா வகைச் சுருள்கிருமி. தொற்றும், ஒரு முறை பண்ணைக்குள் வந்தால் முழுதாகப் போகாது. போகும் என்று யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

புதிதாகச் சிவந்து நோகும் புண்ணுக்கு ஒவ்வொன்றாக வைத்தியம். கழுவுங்கள், துடைத்து உலர்த்துங்கள், ஆக்சிடெட்ராசைக்ளின் தெளிப்பான் அடியுங்கள், அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து. ஈரத்தின் மேல் அடித்தால் மருந்து தரையைக் குணப்படுத்தும். கட்டுப் போட்டால் இரண்டு மூன்று நாளில் அவிழ்த்துவிட வேண்டும். மறந்த கட்டு காலை அறுக்கும். ஊசி இதற்குத் தேவையில்லை.

ஒரு மாட்டுக்கு வைத்த கத்தியை அடுத்த மாட்டுக்கு வைக்கும் முன் கழுவிக் கிருமிநாசினியில் முக்குங்கள். கத்தி வழியே பரவும்.

பிறகு குளம்புத் தொட்டி. அது வைத்தியம் இல்லை, புதுப் புண் வராமல் தடுக்கும் வேலி. நீளம் குறைந்தது 3 மீட்டர், அப்போதுதான் ஒவ்வொரு பின்னங்காலும் இரண்டு முறையாவது முங்கும். அகலம் 60 செ.மீ., கரைசல் ஆழம் 10 செ.மீ. கணக்கு: 3 × 0.6 × 0.1 = 0.18 கனமீட்டர், அதாவது 180 லிட்டர். 5 சத மயில்துத்தம் என்றால் 9 கிலோ. பார்மலின் என்றால் கடையில் வரும் பார்மலினையே 3 சதம், அதாவது 5.4 லிட்டர். 5 சதத்தைத் தாண்டினால் தோல் வெந்துவிடும், திறந்த புண் உள்ள மாட்டை அதில் இறக்கக் கூடாது. பார்மலின் ஆவி கண்ணையும் மூச்சையும் பிடிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி.

ஜூன் 12, காலை 6.00 | குளம்புக்கத்தி

அந்தக் கணக்கை 60 மாட்டுக்காகப் போட்டேன். மூன்று மாடு வைத்திருப்பவர் அதைப் படித்து 9 கிலோ மயில்துத்தம் வாங்கிவிட வேண்டாம். உங்களுக்குக் கழுவுகிற தண்ணீரும் கைத்தெளிப்பானும் போதும்.

பெரிய பண்ணைக்கு இன்னொன்று: தொட்டியில் 150 முதல் 200 நடைக்குப் பிறகு கரைசலை மாற்ற வேண்டும். 60 மாடு இருவேளை நடந்தால் 120 நடை. ஆக, ஒன்றரை நாள். அதற்கு மேல் அது மருந்துத் தொட்டி இல்லை, சாணிக் குழம்பு. வடித்ததை வயலில் கொட்டிக்கொண்டே இருந்தால் செம்பு மண்ணில் தங்கும், வருஷக்கணக்கில் ஏறும்.

ஜூன் 15, பகல் 12.20 | செம்மறி

எங்க ஆடுகளுக்கும் குளம்பழுகல். இதே மாதிரி சீவி, அதே தொட்டியில நடக்க விடலாமா?

ஜூன் 15, பகல் 12.50 | குளம்புக்கத்தி

இரண்டும் கூடாது! விவரம் இரவு எழுதுகிறேன். அதுவரை மயில்துத்தத் தொட்டிப் பக்கம் செம்மறி போகாமல் பாருங்கள். குடித்தால் செம்பு ஈரலில் சேரும். மாடு தாங்கும் அளவு செம்மறியைக் கொல்லும்.

ஜூன் 15, இரவு 9.45 | குளம்புக்கத்தி

மாட்டுக்கு நான் சொன்ன கத்தி வேலையெல்லாம் ஆட்டுக் குளம்பழுகலில் தலைகீழ். இங்கே வெட்டுவதே தவறு. டைக்கிலோபாக்டர் நோடோசஸ் என்ற கிருமி கொம்பை, அதாவது குளம்பின் கெட்டிப் பாகத்தை, உயிர்த்தோலிலிருந்து பிரித்துக்கொண்டு போகிறது. பிரிந்ததை வெட்டி ரத்தம் வரவழைத்தால் ஆறுவது தாமதமாகும், சதைக்கட்டி வளர்ந்து நிரந்தர நொண்டியாகலாம், வெட்டிய துண்டுகள் பட்டி முழுக்கக் கிருமியைப் பரப்பும். வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லா ஆட்டுக்கும் கட்டாயமாகச் சீவுகிற பழக்கம் நொண்டலைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

செய்ய வேண்டியது: நொண்டிய மூன்று நாளுக்குள் பிடியுங்கள். நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின், கிலோவுக்கு 20 மி.கி., தசையில். மி.லி.க்கு 200 மி.கி. மருந்தானால் 10 கிலோவுக்கு 1 மி.லி., 40 கிலோ ஆட்டுக்கு 4 மி.லி. இடுக்கில் தெளிப்பான். கத்தி வேண்டாம். பெரும்பாலானவை பத்து நாளுக்குள் நடக்கும். குணமான பிறகு கோணலாக வளர்ந்திருந்தால் அப்போது நுனியை மட்டும் திருத்தலாம்.

இடுக்குத் தோல் மட்டும் வெளுத்துச் சிவந்து, கொம்பு பிரியாமல், குட்டிகள் கூட்டமாக நொண்டினால் அது ஆரம்பநிலை. அதற்குத் தெளிப்பான் போதும், கூட்டம் பெரிதானால் 10 சத ஜிங்க் சல்பேட் தொட்டி. 100 லிட்டருக்கு 10 கிலோ, ஆடுகளை அதில் நிற்கவிட்டு, பிறகு உலர்ந்த தரையில் நிறுத்துங்கள். மூன்றாவது தடவையும் நொண்டும் ஆட்டை மந்தையில் வைக்காதீர்கள். புதிதாக வாங்கியதை 28 நாள் தனியே வையுங்கள்.

டில்மிகோசின் என்ற ஊசியைப் பற்றி யாராவது சொல்வார்கள். செம்மறிக்குக் கேட்கும். வெள்ளாட்டுக்குப் போட்டால் சாகும். கை தவறி மனிதனுக்கு ஏறினாலும் இதயத்தை நிறுத்தும். மருத்துவர் கையில் மட்டும்.

ஜூன் 19, காலை 7.30 | செம்மறி

குளம்புல ஒண்ணுமே இல்லாம நொண்டினா?

ஜூன் 19, இரவு 8.50 | குளம்புக்கத்தி

பத்தில் ஒன்று அது. வேகமாக:

ஒரே நாளில் பல மாடு நொண்டி, வாயில் நுரை, நாக்கிலும் இடுக்கிலும் கொப்புளம் என்றால் கோமாரி. கத்தியை எடுக்கவே கூடாது. தனிமைப்படுத்தி, தகவல் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் கொழுகொழுவென்ற கன்று, திடீர்க் காய்ச்சல், தொடையிலோ தோளிலோ வீக்கம், அழுத்தினால் நொறுநொறுவென்று காற்றுச் சத்தம். சப்பை நோய். ஒன்றிரண்டு நாளில் சாகும். செத்ததை அறுக்காதீர்கள், வித்துகள் மண்ணில் பல காலம் கிடக்கும். மழைக்கு முன் தடுப்பூசிதான் வழி.

இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால், நடுக்கம், கொசு காலம். அது "மூன்று நாள் காய்ச்சல்" என்ற நோய். மெலோக்சிகாம், நிழல், தண்ணீர். வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் தசை தளர்ந்திருக்கும், நுரையீரலுக்குப் போகும்.

பிறந்து சில நாளான கன்றுக்கோ குட்டிக்கோ மூட்டுச் சூடாக வீங்கினால் கிருமி தொப்புள் வழியே வந்தது. பிறந்ததும் தொப்புளை 7 சத அயோடினில் முக்கி, சில மணி நேரம் கழித்து மறுபடி முக்குங்கள். தெளிப்பது போதாது. 30 கிலோ கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் 3 லிட்டர் சீம்பால்.

பின்னங்கால் விறைத்துப் பின்னால் நீட்டி, நுனி தரையைத் தேய்த்து, திடீரென்று உதறி முன்னால் வந்தால் முட்டிச்சில்லு மேலே ஏறிப் பூட்டிக்கொள்கிறது. மருத்துவர் நிற்க வைத்தே ஒரு நாரைச் சின்ன வெட்டாக அறுத்துவிடுவார், அப்போதே நடக்கும்.

ஜூன் 19, இரவு 9.30 | பால்வண்டி

கோழி நொண்டினா எந்தக் குளம்பைச் சீவணும்?

ஜூன் 19, இரவு 9.55 | குளம்புக்கத்தி

உங்கள் கத்தியைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிப் படுத்தால் மாரெக் என்ற நோய், குஞ்சு பொரித்த நாளே போடும் தடுப்பூசியைத் தவிர வைத்தியம் கிடையாது. உள்ளங்காலில் கருப்புப் பொருக்கோடு உருண்டை என்றால், கூர்விளிம்புள்ள, உயரமான இருக்கைக் கம்பிலிருந்து குதித்துக் குதித்து வந்த சீழ். கம்பை இறக்கி விளிம்பை மழுக்குங்கள். கோழிக்கு வேறு இழை போடுங்கள், மாடுகள் கோபிக்கும்.

ஜூன் 24, இரவு 10.10 | குளம்புக்கத்தி

தீவனம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் தப்பித்துவிட்டேன். அடர்தீவனம் அதிகமானால் வயிறு புளித்துக் குளம்பு கெடும் என்பதைத்தான் எல்லோரும் முதல் காரணமாகச் சொல்வார்கள். தானிய மூட்டையை மாடு அவிழ்த்துத் தின்று, நாலு காலும் சூடாகி, முட்டிபோட்டு நிற்கிற கேஸில் அது நூற்றுக்கு நூறு உண்மை. அன்றாட அடிப்பாதப் புண்ணுக்கு அதை முதல் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு இப்போது அத்தனை நம்பிக்கை இல்லை. மெலிந்த மாடு, மெலிந்த மெத்தை, நிற்கும் நேரம் மூன்றும்தான் அதிகம் பேசுகின்றன. நார்த்தீவனத்தைக் குறைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை.

கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். படுக்காததற்குக் காரணம் மாட்டிடம் இல்லை: தரை கெட்டி, ஈரம், கயிறு குட்டை, கறவைக்கு வெகுநேரம் காத்திருப்பு, வெக்கை. வெக்கையில் மாடு நின்றுகொண்டே இருக்கும், உடம்பு ஆறட்டும் என்று. அதன் கணக்கு இரண்டு மாதம் கழித்து, வெயில் தணிந்த பிறகு, காலில் வரும். அப்போது மழையைக் குறை சொல்வோம்.

புதுச் சிமெண்டுத் தரை அரம்போல அடிப்பாதத்தைத் தின்னும். கனமான கான்கிரீட் கட்டை ஒன்றைப் பல முறை இழுத்து முனைகளை மழுக்குங்கள். பழைய தரை வழுக்கினால் 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்தில், 8 செ.மீ. இடைவெளியில் கோடு வெட்டுங்கள். மாட்டை அடித்து விரட்டித் திருப்பாதீர்கள், வெள்ளைக்கோடு பிளப்பது அந்தத் திருப்பத்தில்தான்.

பயோட்டின் என்ற வைட்டமின் நாளுக்கு 20 மி.கி. கொடுத்தால் வெள்ளைக்கோட்டுப் பிளவு குறையும். ஆனால் ஆறு மாதமாவது தொடர வேண்டும், குளம்பு மாதத்துக்கு 5 மி.மீ.தான் வளரும். ஒரு பாட்டில் வாங்கி இருபது நாளில் "ஒண்ணும் தெரியல" என்பவர்கள் அதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 14, மாலை 6.00 | கட்டுத்தறி

கட்டை ஒட்டி அஞ்சு வாரம் ஆச்சு. அன்னிக்கு ராத்திரியே தாங்கல் பாதி குறைஞ்சது. இப்ப நேரா நடக்குது. கட்டை இன்னும் விழல, தேயவும் இல்லை. அப்படியே விட்டுடலாமா?

ஜூலை 14, இரவு 9.20 | குளம்புக்கத்தி

விடாதீர்கள். ஆறாவது வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் நல்ல குளம்பு எல்லாப் பாரத்தையும் தாங்கித் தாங்கி, அதே புண் அதிலும் வரும். தட்டிப் பிடுங்க வேண்டாம், குளம்பும் பெயர்ந்து வரும். பசையை ஓரமாக அரத்தால் ராவித் தளர்த்தி எடுங்கள்.

எடுத்ததும் புண்ணைப் பாருங்கள். மெல்லிய புதுக் கொம்பு மூடி, விரலுக்கு அமுங்காமல் இருந்தால் முடிந்தது. இன்னும் சிவப்பாக இருந்தால் ஒரு வாரம் விட்டு, நல்ல குளம்பை மறுபடி சோதித்துப் புதுக் கட்டை. கிண்ணக் குழியை மறுபடி ஒழுங்கு செய்துவிடுங்கள், ஐந்து வாரத்தில் பக்கத்துக் கொம்பு வளர்ந்து அதன்மேல் கவிழ்ந்திருக்கும்.

இந்த மாட்டுக்கு அடுத்த ஈத்திலும் இதே குளம்பில் வர வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். நசுங்கிய எலும்பு முடிச்சில் சிறு எலும்பு முளைகள் வளரும், அவை திரும்பப் போவதில்லை. ஆகவே பால் வற்றவிடும் நாளில் ஒரு சீவல், ஈன்று சுமார் நூறு நாளில் இன்னொன்று, நொண்டினாலும் நொண்டாவிட்டாலும். இரண்டிலும் வெளிக்குளம்பின் அந்த இடத்தைக் குழித்துவிடுங்கள். வற்றவிடும்போது மெலிந்திருக்கவும் கூடாது.

ஜூலை 16, காலை 6.30 | கட்டுத்தறி

எடுத்தாச்சு. மூடியிருக்கு, அமுங்கல. சினை ஊசி போட்டு 20 நாள் ஆகுது, நின்னிருந்தா வற்றவிடுற தேதியைக் கொட்டகைச் சுவத்துல எழுதிடறேன்.

ஜூலை 16, காலை 6.50 | குளம்புக்கத்தி

எந்தக் கால், எந்தக் குளம்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏழு மாதம் கழித்து நாலு காலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.